சர்வருக்கு ஒரு நாள் லீவு

எங்கள் கம்பெனி சர்வருக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு. ஆயுத பூஜையன்று. மற்றபடி தீபாவளியானாலும் சரி, ஹரி ராயாவானாலும் சரி, சீனப் பெருநாளுக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு போனாலும் சரி, கிள்ளான் கிடங்கின் மாடிப்படிக்குக் கீழே அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். அந்த லீவு நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலைதான் என் உயிரை வாங்கியது.

முதலில் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மளிகை மொத்த வியாபாரம். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள். கேரி தீவில் இருக்கும் தோட்டத்துக் கடைகளுக்கும், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக் கேண்டீன்களுக்கும், செராஸ் வரைக்கும் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கும் எங்கள் லோரிகள் போகும். நான் அங்கே ஐடி பிரிவு. பிரிவு என்றால் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம், நான் ஒருவன்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வைஃபை படுத்தாலும் என்னைத்தான். ஒருமுறை கழிவறைக் குழாய் ஒழுகியபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன் என்பதுதான் அதில் கேவலம்.

திருச்சியிலிருந்து வேலை விசாவில் வந்தவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறேன். காலையில் கிள்ளான் பக்கத்து ஜனமெல்லாம் ரயிலில் பிதுங்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு வரும் நேரத்தில் நான் எதிர்த்திசை ரயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போவேன். இந்த உத்தியோகத்தில் எனக்கு வாய்த்த ஒரே ராஜபோகம் அது.

வேலையில் சேர்ந்த வருஷம், நவராத்திரி முடியப்போகிற சமயத்தில் முதலாளி கூப்பிட்டார். மூன்று தலைமுறையாகக் கிள்ளானில் இருப்பவர். வெள்ளை அரைக்கைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக, யாரையும் சத்தம் போட்டுத் திட்டாத மனிதர். திட்டாத முதலாளியிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

"தம்பி, நாளைக்கு பூஜை. மத்தியானம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடணும்."

"சரி பாஸ். எல்லா கம்ப்யூட்டரையும் ஆஃப் பண்ணிடுறேன்."

"அந்தப் பெரியவரையும்தான் சொல்றேன்."

பெரியவர் என்றால் சர்வர். கிடங்கில் அதற்கு அதுதான் பேர். நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். சர்வர் என்பது நிற்காமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட கம்ப்யூட்டர், பில், சரக்கு இருப்பு, லோரிக் கணக்கு எல்லாம் அதன் வயிற்றில்தான் இருக்கிறது, தேவையில்லாமல் அணைப்பது நல்லதில்லை என்று படம் வரையாத குறையாக விளக்கினேன். முதலாளி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"லோரி எல்லாம் நிக்குது. ஃபோர்க்லிஃப்ட் நிக்குது. தராசு கூட நிக்குது. இதுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு? வருஷம் பூரா உழைக்குதுல்ல, ஒரு நாள் படுக்கட்டும்லா."

படுத்தது. பில்லிங் அக்கா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இவர்தான் கிடங்கில் பில் போடுகிறவர், எந்த லோரி எப்போது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர், முதலாளி இல்லாதபோது முதலாளி. மாடிப்படிக்குக் கீழே குனிந்து, சர்வரின் முன்பக்க வலைக்கம்பி மேல் மூன்று விரலால் பட்டை பட்டையாகத் திருநீறு பூசினார். உள்ளே இருக்கும் காற்றாடி நாளைக்கு இதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளுமே என்று எனக்குக் கவலை. "அக்கா, கொஞ்சமா," என்றேன். "சாமிக்குக் கொஞ்சமா வைக்கச் சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்று இன்னொரு பட்டை போட்டார்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை நல்ல நேரத்தில், ஓய்விலிருந்து எழுப்பிய அதே கம்ப்யூட்டரில், அந்த வருஷத்துக்கான முதல் பில்லைப் போட வேண்டும். பழைய வாடிக்கையாளரான ஒரு கேண்டீன்காரர் அதற்கென்றே வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார். பில் அச்சாகி வெளியே வரும்போது முதலாளி அதற்குக் கற்பூரம் காட்டுவார். கையால் எழுதிய பில்லெல்லாம் கணக்கில் சேராது.

நான் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திருநீறு லேசாகப் பறந்தது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அக்கா பில் போடும் திரையைத் திறந்தார். "தொடர்பு கிடைக்கவில்லை" என்று வந்தது.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஓடுகிற எங்கள் சர்வர் எழுந்துகொண்டாலும், அதற்குள் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸ் தானாக எழுந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அதற்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். 'ஸ்டார்ட்' என்று ஒரு கட்டளை. இப்போது எழுந்திரு என்று அர்த்தம். 'எனேபிள்' என்று இன்னொன்று. இனிமேல் கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் நீயாகவே எழுந்துகொள் என்று அர்த்தம். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த புண்ணியவான் முதலாவதை மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். நான் கற்பூரத் தட்டின் சூடு முதுகில் படப் படத் தட்டச்சு செய்து அதை எழுப்பினேன். நல்ல நேரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் பில் வந்தது. அன்றே 'எனேபிள்' கட்டளையையும் கொடுத்துவிட்டு, இனிமேல் பிரச்சினை இல்லை என்று மார்தட்டிக்கொண்டேன்.

அந்தத் தெம்பில்தான் போன வருஷம் மகளுக்கு எழுத்தறிவிக்க ஏற்பாடு செய்தோம்.

விஜயதசமி காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் குழந்தைகளை அப்பாவின் மடியில் உட்கார வைத்து, அரிசித் தட்டில் விரல் பிடித்து 'அ' எழுத வைப்பார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. மனைவி அவளுக்குப் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருந்தாள். இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். கிள்ளானில் முதலாளி மாட்டியிருக்கும் காலண்டரும் என் வீட்டுச் சமையலறையில் மனைவி மாட்டியிருக்கும் காலண்டரும் வேறு வேறு கடையில் கொடுத்தவைதான். ஆனால் நல்ல நேரம் இரண்டிலும் ஒன்றுதான்.

நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் சில குடும்பங்கள்தான் இருந்தன. போன் அடித்தது. அக்கா.

"தம்பி, பெரியவர் எந்திரிச்சிட்டாரு. பில்லு வரல."

வராமல் எப்படிப் போகும் என்று எனக்குப் புரியவில்லை. வெளியிலிருந்து இன்டர்நெட்டில் சர்வருக்குள் நுழைய வழியே கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்ட நாளிலிருந்து முதலாளி அந்தக் கதவை இழுத்து மூடச் சொல்லிவிட்டார். சரி, அக்காவையே செய்ய வைக்கலாம் என்று கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னேன். பாஸ்வேர்டைச் சொன்னேன்.

"அடிக்கிறேன் தம்பி, ஒண்ணுமே வரமாட்டேங்குது."

"அப்படித்தான்க்கா. அடிக்கும்போது திரையில எதுவும் தெரியாது. நீங்க பாட்டுக்கு அடிங்க."

"தெரியாம எப்படி அடிக்கிறது? கீபோர்ட் செத்துப்போச்சுன்னு நெனைக்கிறேன். ஏய், அந்த இன்னொரு கீபோர்ட் எடுத்துட்டு வாங்க!"

கீபோர்டை மாற்றினார்கள். அதுவும் செத்திருந்தது. பின்னால் முதலாளி, "சுசாவா இருந்தா தம்பிய வரச் சொல்லு," என்று சொல்வது கேட்டது. சுசா என்றால் மலாயில் சிரமம். அவருக்கு என்ன சிரமம்? சிரமம் எனக்கு. மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மகளிடம் "அப்பா இதோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கிள்ளானுக்கு 'இதோ' போய்விட்டு வர முடியாது. டாக்சிக்காரர் எவ்வளவு விரட்டியும் நான் போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்து, கேண்டீன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அங்கே கோயிலில் என் மனைவி, குழந்தையை யார் மடியிலும் உட்கார வைக்காமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஒரே கல்லில் இரண்டு காரியத்தையும் கெடுத்த பெருமை எனக்கு.

அன்று சாயங்காலம் அவள் சத்தமே போடவில்லை. முதலாளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ என்னவோ.

"அடுத்த வருஷம் உட்கார வைப்போம். உங்க மடியிலதான். அதுவரைக்கும் அவளுக்கு நான் 'அ' சொல்லிக் கொடுக்க மாட்டேன்."

"அதுக்காக ஒரு வருஷமா? ஸ்கூல்ல பின்தங்கிட மாட்டாளா?"

"இங்கிலீஷ் எழுதட்டும், மலாய் எழுதட்டும். 'அ' மட்டும் உங்களுக்கு வச்சிருக்கேன்."

சொன்னபடியே வைத்திருந்தாள். மகள் 'தடிக்கா' என்று இங்கே சொல்கிற மழலையர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஏ பி சி டி எழுதினாள். தன் பெயரை இங்கிலீஷில் தலைகீழாக எழுதி என் மடிக்கணினி மூடியின் மேல் ஸ்டிக்கராக ஒட்டினாள். மனைவி தமிழில் கதை சொல்வாள், பாட்டுச் சொல்வாள். எழுத்து மட்டும் கிடையாது. "என் 'அ' எப்பம்மா வரும்?" என்று குழந்தை கேட்கும். "அப்பாவைக் கேளு" என்பாள் இவள். டெலிவரிக்கு வர வேண்டிய சாமானை நான்தான் கிடங்கில் பதுக்கி வைத்திருப்பது போல இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலிக்கும். வெளியே சிரித்துவைப்பேன்.

இந்த வருஷம் அது நடக்கவே கூடாது என்று நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். காரணம் கிடைத்தபோது எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. போன வருஷப் பூஜைக்குச் சில மாதம் முன்னால் சர்வரில் இடம் போதாமல் ஒரு வெளி டிஸ்க் வாங்கி, டேட்டாபேஸ் கோப்புகளை எல்லாம் அதற்கு மாற்றியிருந்தேன். தனிப் பெட்டி, தனி ஸ்விட்ச். கிடங்கில் அதற்கு உடனே சின்னவர் என்று பேர் வைத்தாயிற்று. அந்தப் பெட்டி எப்போதாவது மக்கர் பண்ணினால் சர்வரே எழாமல் போய்விடக் கூடாதே என்று, முன்ஜாக்கிரதையாக ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தேன்: சின்னவர் வராவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்து உன் வேலையைப் பார். சர்வரும் சொன்ன பேச்சைத் தட்டாமல் எழுந்தது. டேட்டாபேஸும் எழுந்தது. போய்ப் பார்த்தால் தன் கோப்புகள் இருக்க வேண்டிய இடம் காலி. சின்னவர் இன்னும் சுற்றிச் சூடேறி வந்து சேரவில்லை. டேட்டாபேஸ் கைவிரித்துவிட்டுப் படுத்துவிட்டது.

இதை இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்கு விளக்கினேன். கேட்கிறாளா இல்லையா என்று கவலைப்படாமல் விளக்குவது என் வழக்கம்.

"அதாவது அடுப்புல வாணலி வைக்கிறதுக்கு முன்னாடியே எண்ணெய ஊத்திட்டார் உங்க டேட்டாபேஸ்," என்றாள் அவள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"அதேதான்!"

"அப்ப வாணலி வர்ற வரைக்கும் நில்லுன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? இதுக்கா நீங்க ஒரு வருஷம்?"

அதற்கும் ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது. இந்த டிஸ்க் வந்து சேரும்வரை காத்திரு, சேர்ந்த பிறகு எழுந்திரு. டேட்டாபேஸ் எப்போது எழ வேண்டும் என்று சொல்லும் கோப்பில் அதை எழுதிவிட்டேன். ஒன்றரை நிமிஷம் வரை பொறுமையாக நிற்கும். எழுதுவது பெரிய காரியமில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் மலையைப் புரட்டுகிற காரியம். பார்ப்பதற்குச் சர்வரை அணைத்துப் போட வேண்டும்.

"இப்பவா? லோரி நிக்குது தம்பி," என்பார் அக்கா காலையில். மத்தியானம் கேட்டால், "இப்பத்தான் கேரி தீவு ஆர்டர் வந்துச்சு, அப்புறமா பாக்கலாம்லா." சாயங்காலம் கேட்டால் நாளைக்கான பில் ஓடிக்கொண்டிருக்கும். முதலாளியிடம் போனேன். "ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி நிறுத்திப் பாக்கணும்?" என்றார். நிறுத்தும் நாளில் ஓட வைப்பதற்காகத்தான் பாஸ் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது வெள்ளிக்கிழமை. லோரி ஓட்டுநர்களில் பாதிப் பேர் மத்தியானம் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் அந்த இடைவெளியை விடுவார்களா, சாப்பிடப் போய்விடுவார்கள். கிடங்கில் பூனை மட்டும்தான் இருக்கும். அக்கா வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நான் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க," என்று அனுமதி கொடுத்தார். அணைத்தேன். சின்னவரின் ஸ்விட்சை முதலில் போட்டேன், பிறகு பெரியவரின் பொத்தான். நான் கீபோர்டைத் தொடவே இல்லை; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கடைசி உருண்டையை வாயில் போடும்போது பில் திரை திறந்தது.

"வந்துருச்சா?" என்றார்.

"தானா வந்துருச்சுக்கா!"

"அதுக்கா இப்படிக் குதிக்கிறீங்க? வீட்டுல ஃபேன் கூடத்தான் ஸ்விட்ச் போட்டா தானா சுத்துது."

ஆயுத பூஜை வந்தது. லோரிகளைக் கழுவி, மாலை போட்டு, ஒவ்வொரு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரியவருக்கும் சின்னவருக்கும் சேர்த்து அக்கா அலங்காரம் செய்தார். நான் அவரை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒப்பிக்கச் சொன்னேன். சின்னவரை முதலில், பெரியவரைப் பிறகு. கீபோர்டைத் தொடக் கூடாது. கறுப்புத் திரை பக்கமே போகக் கூடாது. அவரும் ஒப்பித்தார். திருப்பிக் கேட்டேன். "தம்பி, எனக்குப் பேரனே இருக்கான்," என்று முறைத்தார். முதலாளியிடம் நாளைக்கு நான் வரப்போவதில்லை, மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்றேன். அவர் யோசித்தார். "பிள்ளைக்கு எழுத்தா? தாராளமா போங்க தம்பி," என்றார். பிறகு, "பில்லு வரும்ல?" என்றார்.

"வரும் பாஸ்."

சொல்லிவிட்டு இன்னொரு முறை மாடிப்படிக்குக் கீழே போய் இரண்டு ஸ்விட்சையும் பார்த்துவிட்டு வந்தேன்.

விஜயதசமி காலை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கையை நீட்டினாள்.

"போன்."

"எதுக்கு?"

"இன்னிக்கு இது என்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மண்டபத்தில் பாய் விரித்து வரிசையாகத் தட்டுகளில் அரிசி பரப்பியிருந்தார்கள். சில குழந்தைகள் அழுதன, சில அரிசியைத் தின்றன. என் மகள் போன வருஷம் தைத்த பட்டுப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏறக் கட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவர்களின் இடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது. நல்ல நேரம் தொடங்கிவிட்டது என்பதைக் கோயில் மணி சொன்னது. கிள்ளானில் இந்நேரம் அக்கா குனிந்திருப்பார் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னால் போன வருஷம் போலவே சில குடும்பங்கள்தான்.

கைப்பைக்குள் போன் அடித்தது.

நான் பையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். என் கை என்னைக் கேட்காமலேயே நீண்டது. அவள் அதைத் தட்டிவிட்டு, ஜிப்பைத் திறந்து, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா."

அக்காவின் குரல் எனக்கே கேட்டது, பின்னால் அங்கே அடிக்கும் மணியோடு சேர்த்து. வார்த்தை புரியவில்லை, பதற்றம் புரிந்தது.

"பெரியவரைப் போட்டாச்சா? சரி. சின்னவரை? ... என்னது, இன்னும் போடலயா?"

நான் இன்னும் நெருங்கிப் போனேன். "குடு, குடு," என்றேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"பாஸ் சொன்னாரா? பெரியவருக்கு முன்னாடி சின்னவருக்கு ஆரத்தியான்னு கேட்டாரா? சரி விடுங்கக்கா, அவர் சொல்றதும் நியாயம்தான். இப்ப சின்னவர் ஸ்விட்சைப் போடுங்க. ... போட்டாச்சா? அவ்வளவுதான். இல்லக்கா, ஒண்ணும் செய்யாதீங்க. கீபோர்டைத் தொடாதீங்க. அது நிக்கும். சின்னவர் வர்ற வரைக்கும் அது நிக்கும்க்கா, பயப்படாதீங்க. ... அவரா? இங்கதான் இருக்கார். கொஞ்சம் பிஸி."

நான் ஒரு கையில் தேங்காய்ப் பையும் இன்னொரு கையில் தண்ணீர் புட்டியுமாக நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை நிமிஷம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது. முன்னால் ஒரு குழந்தை எழுதி முடித்து எழுந்தது.

"வந்துருச்சா? நல்லதுக்கா. பில் வந்துருச்சா? ரொம்ப சந்தோஷம். சொல்லிடுறேன்." போனைப் பைக்குள் போட்டாள். "வந்துருச்சாம். பாஸ் கற்பூரம் காட்டிட்டிருக்காராம்."

"பாஸ் என்னைக் கேட்டாரா?"

"இல்லையே."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் சின்னதாக ஒரு ஏமாற்றமும் இருந்தது என்பதை மறைப்பானேன். என்னைக் கேட்காமல் கிள்ளானில் ஒரு பில் வந்துவிட்டது, என்னைக் கேட்காமல் என் மனைவி அதை வரவழைத்துவிட்டாள். நான் ஏதோ பெரிய ஆள் என்று இத்தனை நாள் ரயிலில் கால் நீட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அர்ச்சகர் எங்களைக் கூப்பிட்டார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மகள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். போன வருஷம் மடிக்குள் அடங்கியிருப்பாள். இப்போது கால் வெளியே நீண்டுகிடந்தது. தட்டை முன்னால் நகர்த்தி வைத்தார்கள். இதற்காகத்தானே இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலைப் பிரித்து, என் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, விடுங்க."

இறுக்கிப் பிடித்துவிட்டேனோ என்று கொஞ்சம் தளர்த்தினேன்.

"இல்லப்பா. கையை எடுங்க. நானே எழுதுறேன்."

"அவளுக்கு இன்னும் சொல்லியே கொடுக்கலயே!" என்றாள் மனைவி பின்னாலிருந்து. அர்ச்சகர் சிரித்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.

அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு குனிந்தாள். அரிசியில் ஒரு சுழி போட்டாள். அதைக் கீழே வளைத்து இழுத்தாள். பிறகு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஆனால் 'அ'தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாத 'அ'.

"யாருடி சொல்லிக் கொடுத்தது?" மனைவியின் குரல் உடைந்திருந்தது. ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்தவள் அவள்.

"யாரும் இல்ல. கீழ கடை போர்டுல எல்லாம் இருக்குல்ல, தடிக்கா போகும்போது பார்த்தேன். எனக்கு ரொம்ப நாளா தெரியும்."

"தெரியும்னா ஏன் ஒரு தடவை கூட எழுதிக் காட்டல?"

அவள் கழுத்தைத் திருப்பி என்னை அண்ணாந்து பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்பது போல ஒரு பார்வை.

"அப்பா வரட்டும்னு வெயிட் பண்ணேன்."

எனக்கு அதற்குமேல் தட்டு தெரியவில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில் அழுதேன். அடுத்த குழந்தை வரிசையில் நின்றதால் அர்ச்சகர் எழுந்திருக்கச் சொன்னார். மகள் அவரைக் கண்டுகொள்ளாமல் அரிசியைக் கையால் நிரவிவிட்டு, கோடு சாய்ந்துபோனதைச் சரிசெய்ய இன்னொரு முறை எழுத ஆரம்பித்தாள். நான் அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.